அரங்கேற்றம் என்னும் அபத்த நாடகம்

ஸ்ரீரங்கம் கோயிலில் தாயார் சந்நிதிக்கு எதிரே கம்பன் மண்டபம் இருக்கிறது. கம்பன் தன் இராமகாதையை அரங்கேற்றியது இங்கேதான் என்பது ஊர் நம்பிக்கை. பக்கத்திலேயே, படியேறிப் போகிற உயரத்தில், மேட்டழகிய சிங்கர் சந்நிதி. தாயாரைச் சேவித்துவிட்டு வருகிற கூட்டம் இங்கே கால் நீட்டி உட்காரும், குழந்தைக்குத் தலை வாரும், செருப்பை எந்த வாசலில் விட்டோம் என்று சண்டை போடும். ஒரு மார்கழியில் நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன். கையில் ஹெரால்ட் பின்ட்டரின் ‘நோ மேன்ஸ் லேண்ட்’ நாடகப் பிரதி. பக்கத்திலிருந்த பெரியவர் ஒருத்தர் “என்ன புஸ்தகம் அது?” என்றார். “ஒரு வயசான கவிஞன், இன்னொரு வயசான கவிஞனோட வீட்டுக்குள்ள எப்படியாவது நொழைஞ்சு இடம் பிடிக்கப் பாக்கறான். அதான் சார் நாடகம்” என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மண்டபத் தூணைத் தட்டிக் காட்டினார். “இவன் கதையும் அதானே.”

இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் எழுதிப் பார்க்கிற உரை.

1

முதலில் பின்ட்டர். 1975 ஏப்ரலில் லண்டனில், பீட்டர் ஹால் இயக்கத்தில் இந்த நாடகம் மேடையேறியது. ஹெர்ஸ்ட் என்கிற பணக்கார, புகழ்பெற்ற, குடிகார எழுத்தாளன். ஸ்பூனர் என்கிற கசங்கிய கோட்டுக்காரன். இருவரும் அறுபதைத் தொட்டவர்கள். மதுக்கடையில் சந்தித்து ஹெர்ஸ்ட்டின் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். ஸ்பூனர் தன்னைக் கவிஞன் என்று சொல்லிக்கொள்கிறான். அவன் கவிஞன்தானா என்பதற்கு அவன் வாய்ச்சொல்லைத் தவிர வேறு அத்தாட்சி இல்லை. ஒரு மதுக்கடையில் காலிக் குவளை பொறுக்குகிறவனாக இவனைப் பார்த்திருக்கிறேன் என்று ஹெர்ஸ்ட்டின் ஆள் ஒருவன் போட்டுடைக்கிறான். நண்பனுக்கு ஒத்தாசையாகத்தான் அதைச் செய்தேன் என்கிறான் ஸ்பூனர்.

வீட்டில் ஃபாஸ்டர், பிரிக்ஸ் என்று இரண்டு பேர். வேலைக்காரர்களா, காவல்காரர்களா, ஹெர்ஸ்ட்டைச் சிறை வைத்திருப்பவர்களா என்பது கடைசிவரை தெளிவாவதில்லை. ஸ்பூனரை இரவு அறையில் வைத்துப் பூட்டுகிறார்கள். காலையில் ஷாம்பேனுடன் காலையுணவு தருகிறார்கள், அதுவும் வேறு யாருக்கோ ஏற்பாடு செய்து மிச்சமானது. பிறகு ஹெர்ஸ்ட் வந்து ஸ்பூனரை வேறொரு பெயரால், பழைய கல்லூரித் தோழனாக அழைத்துப் பேச ஆரம்பிக்கிறான். ஸ்பூனர் மறுப்பதில்லை. அந்தப் பெயரைச் சட்டை மாதிரி எடுத்துப் போட்டுக்கொள்கிறான். கடைசியில் நீளமாக ஒரு விண்ணப்பம் செய்கிறான்: என்னை உங்கள் காரியதரிசியாக வைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்காக ஒரு கவிதை வாசிப்புக் கூட்டம் ஏற்பாடு செய்கிறேன். ஹெர்ஸ்ட் பேச்சை மாற்றுவோம் என்கிறான். அதோடு பேச்சு நின்றுவிடுகிறது. இனி வேறு பேச்சே கிடையாது.

ஐரோப்பிய விமர்சனம் இதை நினைவு, முதுமை, மொழியின் தோல்வி என்றெல்லாம் வாசித்திருக்கிறது. தப்பில்லை. ஆனால் எனக்கு உறைத்தது வேறு. ஸ்பூனருக்குத் தேவை சோறோ படுக்கையோ மட்டுமில்லை. ‘நீ கவிஞன்தான்’ என்று ஒருத்தன் சொல்ல வேண்டும். சொல்ல அதிகாரம் உள்ளவன் சொல்ல வேண்டும். அந்த அதிகாரம் உள்ளவனோ குடித்துவிட்டுத் தரையில் தவழ்கிறான். வாசலில் இரண்டு தடியன்கள். இதுதான் அபத்தம்.

2

தமிழில் ஒரு நூல் வெளிவருவதற்குப் பெயர் அரங்கேற்றம். நாம் பழகிப்போய் இந்தச் சொல்லைக் கேட்பதே இல்லை. எழுதுவதோடு நூல் முடிவதில்லை. அதை ஒரு மேடையில் ஏற்ற வேண்டும். ஏறுவதற்கு முன் ஏறலாமா என்று கேட்க வேண்டும். தமிழ்ப் பிரதியின் பிறப்பே ஒரு நாடக நிகழ்ச்சி. அரங்கம் என்ற சொல்லுக்கு ஆற்றிடைக்குறை, மேடை, சபை, சூதாடும் இடம் என்றெல்லாம் பொருள் உண்டு. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் கிடக்கும் இந்தத் திருவரங்கம் முதல் பொருளில் பெயர் பெற்றது. கம்பன் கதையில் மற்ற மூன்று பொருளும் வந்து சேர்ந்துகொள்கின்றன.

கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் நாடகமாக ஒருதரம் அடுக்கிப் பார்ப்போம்.

திருவெண்ணெய்நல்லூர்ச் சடையப்பரின் ஆதரவில் பாடி முடித்த காவியத்தோடு கம்பன் திருவரங்கம் வருகிறான். பெருமாள் கேட்கிறார்: நம் சடகோபனைப் பாடினாயா? கம்பன் போய்ச் சடகோபரந்தாதி பாடிவிட்டு வருகிறான். அதாவது, ஒரு கவிஞன் உள்ளே நுழைய முதல் நிபந்தனை, ஏற்கெனவே உள்ளே இருக்கும் இன்னொரு கவிஞனைப் பாடுவது. அடுத்து அரங்கத்து வைணவர்கள்: தெய்வ காவியத்தில் நரனைப் பாடலாமா? நூறு பாட்டுக்கு ஒருமுறை வந்த சடையப்பனை ஆயிரத்துக்கு ஒருமுறை என்று குறைக்கிறார்கள். சோறு போட்டவனின் பெயரில் பத்துக்கு ஒன்பதை அழித்தாயிற்று. அப்புறம்: தில்லை மூவாயிரவரிடம் போய்ச் சம்மதம் வாங்கி வா.

தில்லைக்குப் போகிறான். மூவாயிரம் பேரும் ஒன்றாகக் கூடினால்தான் சம்மதம். அவர்கள் ஒன்றாகக் கூடுவதே இல்லை. ஒரு பிள்ளை பாம்பு கடித்துச் சாகிறான். இழவுக்கு எல்லாரும் கூடுகிறார்கள். கம்பன் நாகபாசப் படலத்தைப் பாட, பிள்ளை எழுந்து உட்காருகிறான். சம்மதம் கிடைக்கிறது. பிறகு திருநறுங்கொண்டைச் சமணர்கள். பிறகு மாவண்டூர்க் கருமான். பிறகு தஞ்சாவூர்த் தாசி அஞ்சனாட்சி. பிறகு பெற்ற மகன் அம்பிகாபதி. எல்லாரிடமும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தால், இரணியன் வதை வான்மீகத்தில் இந்த இடத்தில் இல்லையே என்று ஒரு புதுத் தடை. அப்போதுதான் மேட்டழகிய சிங்கர் தலையசைத்ததாகக் கதை.

தலைவாசலில் நிற்பவன் இன்னொரு வாசலைக் காட்டுகிறான். அங்கே நிற்பவன் அடுத்த வாசலைக் காட்டுகிறான். காஃப்காவின் ‘சட்டத்தின் முன்’ (1915) கதையில் நாட்டுப்புறத்தான் ஒரே வாசலில் காத்திருந்து கிழவனாகிறான். நம் ஆள் நடந்து நடந்து கிழவனாகிறான். முடிவுகூட ஒன்றுதான். சோழன் அம்பிகாபதியைக் கொல்ல, கம்பன் நாட்டை விட்டு வெளியேறுகிறான். பெயரை மறைத்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்து நாட்டரசன்கோட்டையில் சாகிறான் என்கிறது மரபு. இத்தனை பேரிடம் ஒப்புதல் வாங்கிய கவிச்சக்கரவர்த்தி, கடைசியில் தன் பெயரைச் சொல்லிக்கொள்ள முடியாத கிழவன்.

1937இல் திருச்சியோடு பிரிக்க முடியாதபடி பெயர் சேர்ந்த எம்.கே. தியாகராஜ பாகவதரும், 1957இல் சிவாஜி கணேசனும் அம்பிகாபதியாக நடித்தார்கள். சினிமா மகனின் காதலை எடுத்துக்கொண்டு தகப்பனின் அலைச்சலை ஓரமாக்கியது. கு. அழகிரிசாமி ‘கவிச்சக்கரவர்த்தி’ என்று கம்பனை மையமாக்கி நாடகமே எழுதினார். ஆனால் அரங்கேற்ற அலைச்சல் என்கிற பகுதியை அபத்த நாடகமாக யாரும் எடுத்துப் போட்டதாக எனக்குத் தெரியவில்லை. போட்டால் வசனமே தேவையில்லை. ஓலைக்கட்டோடு ஒருத்தன் நடந்துகொண்டே இருந்தால் போதும்.

3

இங்கே ஒரு மறுப்பு வரும். தோழர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் கொதித்தார்: “நீங்க ஒரு பக்கம்தான் பாக்கறீங்க. பார்ப்பான் ஒப்புதல் மட்டும் போதாதுன்னுதானே கதை சொல்லுது? சமணன், கருமான், தாசி எல்லாரும் கையெழுத்துப் போட்டாத்தான் காவியம்ங்குறது எவ்வளவு பெரிய ஜனநாயகம்!”

யோசிக்க வேண்டிய வாதம். கம்பனே உவச்சர் குலம் என்று மரபு சொல்கிறது. கருமானின் பட்டறையிலும் தாசியின் வீட்டிலும் கவிதையை மதிப்பிடத் தெரிந்தவர்கள் இருந்தார்கள் என்பதைக் கதை ஒப்புக்கொள்கிறது. கதையைச் சொல்லி வந்த வாய்களில் கருமான்களின் வாயும் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவன் உள்ளே வந்திருக்க முடியாது. ஆனால் வரிசையைக் கவனியுங்கள். கருமானும் தாசியும் ஒப்புதல் தரலாம், அரங்கேற்றம் அவர்கள் இடத்தில் நடக்காது. பட்டறையில் அரங்கேறிய காவியம் என்று ஒன்று நம் கதையாடலில் கிடையாது. அவர்கள் கையெழுத்து, வேறொருவர் மேடைக்கான நுழைவுச் சீட்டில் விழுகிற முத்திரை மட்டுமே. எல்லாரிடமும் கேட்டேன் என்று சொல்லிக்கொள்ள அதிகாரத்துக்கு எப்போதும் ஒரு கருமான் தேவைப்படுகிறான்.

இதே ஆற்றங்கரையில் இன்னொரு கதை இருக்கிறது. உறையூர்ப் பாணர் ஒருவர் காவிரியின் தென்கரையில் நின்று அரங்கனைப் பாடிக்கொண்டிருந்தார். அவரால் தீவுக்குள் கால் வைக்க முடியாது. தண்ணீர் எடுக்க வந்த லோகசாரங்க முனி விலகச் சொல்லி, விலகாதபோது கல்லெறிந்தார். ரத்தம் அரங்கன் நெற்றியில் தெரிந்தது. அரங்கன் ஆணைப்படி முனியே அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். பாணர் உள்ளே போனார், பத்துப் பாட்டுப் பாடினார், அங்கேயே கலந்து மறைந்தார். அவர்தான் திருப்பாணாழ்வார்.

பக்தி மரபு இதை உச்சம் என்கிறது. நான் மேடைக் குறிப்பாகத்தான் வாசிக்கிறேன்: பாணர் நுழைகிறார், பாடுகிறார், மறைகிறார். கால் தரையில் படவில்லை. உள்ளே போனவர் வெளியே வரவில்லை. நுழைவதற்கு அவர் கொடுத்த விலை இல்லாமல் போவது. நந்தன் கதையிலும் இதே வடிவம்தானே? தில்லையில் நெருப்பு, அரங்கத்தில் கருவறை.

இன்னொன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வைகுண்ட ஏகாதசியை ஒட்டிய பகல்பத்து இராப்பத்து நாட்களில் ஸ்ரீரங்கம் முழுவதும் ஒரு நாடக அரங்கமாகிறது. அரையர்கள் கூம்புக் குல்லாய் வைத்துத் தாளம் தட்டிப் பாசுரங்களுக்கு அபிநயம் பிடிக்கிறார்கள். திருமங்கை மன்னன் பெருமாளையே வழிமறித்துக் கொள்ளையடிக்கும் வேடுபறி நடக்கிறது. முடிவில் நம்மாழ்வார் மோட்சம். ஆழ்வாரின் திருமேனியைப் பெருமாள் திருவடியில் சேர்த்துத் துளசியால் மூடுகிறார்கள். கவிஞன் போய்விட்டான். அப்புறம், எங்கள் ஆழ்வாரை எங்களுக்கே தந்தருள வேண்டும் என்று விண்ணப்பம். துளசி விலகுகிறது. கவிஞன் திரும்பி வருகிறான்.

ஆயிரக்கணக்கான பேர் கூடும் அந்தக் கடைசிக் காட்சியைப் பார்க்கும்போது நெஞ்சு அடைக்கிறது, மறுப்பதற்கில்லை. ஒரு மக்கள் கூட்டம் தன் கவிஞனைச் சாவிடமிருந்து திருப்பிக் கேட்கிற காட்சி உலக நாடகத்திலேயே அபூர்வம். ஆனால் வெளியே வந்து காவிரிக் காற்று பட்டதும் கேள்வி எழுகிறது. நம்மாழ்வாரைத் திருப்பிக் கேட்டவர்கள், பாணரைத் திருப்பிக் கேட்டார்களா?

4

கம்பன் கதைக்கு எவ்வளவு வயது? கம்பனின் அரங்கேற்றத்தைச் சகம் 807 (கி.பி. 885) என்கிறது ஒரு தனியன். ஒட்டக்கூத்தரோடு சேர்த்துச் சொல்லும் கதைகள் அவனைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் வைக்கின்றன. ஆக, நடந்ததா என்று கேட்பது பயனில்லை. இந்தக் கதை யாருக்கு, எப்போது தேவைப்பட்டது என்று கேட்பதுதான் வரலாறு.

கம்பன் கதைகளை உரைநடையில் பரவலாக்கிய நூல்களில் முக்கியமானது அட்டாவதானம் வீராசாமிச் செட்டியாரின் ‘விநோதரசமஞ்சரி’. அச்சான ஆண்டு 1876. இந்த ஆண்டில் சற்று நிற்க வேண்டும்.

1876 பிப்ரவரி 1ஆம் தேதி மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இறந்தார். 1815இல் திருச்சிக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, மலைக்கோட்டை நிழலில் படித்தும் பாடம் சொல்லியும் பெயர் எடுத்து, பிறகு திருவாவடுதுறை ஆதீன வித்வான் ஆனவர். தலபுராணங்களை அவர்போல் எழுதிக் குவித்தவர் வேறு யாரும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஊர், ஒரு தனவந்தர், ஓர் அரங்கேற்றம். கடைசிக் காலத்தில் அவரிடம் படித்த உ.வே. சாமிநாதையர் 1933, 34இல் இரண்டு பாகமாக எழுதிய சரித்திரத்தில், இந்த மகா பெரிய கவிஞர் கடனோடும் நோயோடும் மடத்தின் தயவோடும் முதுமையைக் கழித்தது தெரிகிறது. மயூரம் வேதநாயகம் பிள்ளை சீகாழியில் முன்சீபாக இருந்த நாளில் பாடிய ‘சீகாழிக் கோவை’ போன்றவற்றைப் பார்க்கும்போது, கவிஞனின் புரவலர் அரசனிலிருந்து முன்சீபுக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது என்பது விளங்கும். நூலின் முகப்பில் சாற்றுகவிகள் வரிசையாக நிற்கும். பெரிய வித்வான்கள் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டார்கள் என்பதற்கு அத்தாட்சி. மூவாயிரவர் கையெழுத்து அச்சுக்கு வந்த வடிவம் அதுதான். அரங்கேற்ற அலைச்சலைக் கம்பன்மேல் ஏற்றிச் சொன்னபோது, அந்தக் காலத்து வித்வான்கள் சொல்லிக்கொண்டது தங்கள் சொந்தக் கதையை.

அதே 1876 டிசம்பரில் ஆங்கில அரசு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தைக் கொண்டுவந்தது. வங்காள மேடை வெள்ளையனைக் கிண்டல் செய்ததற்குப் பதில். இனி மேடையேற்றத்தைத் தடுக்க அரசுக்கு அதிகாரம். ஆக, ஒரே ஆண்டில் பழைய அரங்கேற்றத்தின் கடைசிப் பெரிய கவிஞர் சாகிறார், அரங்கேற்றக் கதை அச்சாகிறது, அரசு புதிய மூவாயிரவராகப் பதவி ஏற்கிறது. திட்டமிட்டு நடந்ததல்ல, தற்செயல்தான். ஆனால் சில தற்செயல்கள் வாசிக்கத் தகுந்தவை. வெளியே தாது வருஷப் பஞ்சம் தொடங்கியிருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மகாவித்வான் சரித்திரத்தில் என்னை விடாமல் துரத்துகிற ஒரு பாத்திரம் உண்டு. இளம் வயதில் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்குத் தண்டியலங்காரம் பாடம் கேட்க வேண்டும். திருச்சியில் அதைச் சொல்லக்கூடியவர் ஒரு பரதேசி. வீடு வீடாகப் பிச்சை எடுத்துச் சாப்பிடுகிறவர். லேசில் யாருக்கும் சொல்லித் தருகிறவர் அல்ல, கர்வி. பிள்ளை அவர் பின்னாலேயே தெருத்தெருவாக நடந்து, வேண்டியதை வாங்கிக் கொடுத்து, மனசைக் கரைத்து அந்த நூலைக் கற்றுக்கொண்டார்.

கவனியுங்கள்: தண்டியலங்காரம் என்பது அணியிலக்கணம். எது கவிதையை அலங்கரிக்கிறது என்று சொல்லும் நூல். அதை முழுக்க அறிந்தவன் கிழிசலோடு தெருவில் நிற்கிறான். இவன்தான் நம் ஸ்பூனர். ஆனால் பின்ட்டரின் ஸ்பூனர் பொய் சொல்கிறானோ என்று நமக்குச் சந்தேகம் வருகிறது. இவன் விஷயத்தில் சந்தேகமே இல்லை, அவனுக்கு நிஜமாகவே தெரியும். அவன் யாரிடமும் ஒப்புதல் கேட்டுப் போகவில்லை. மகாவித்வான் ஆகப்போகிறவர்தான் அவன் பின்னால் நடக்கிறார். அரங்கேற்றக் கதையின் திசையே திருப்பிப் போடப்பட்ட ஒரே காட்சி இது. ஆனால் அதற்கும் விலை உண்டு. அவன் பெயர் நிலைக்கவில்லை. எத்தனையோ பேரின் பெயர், ஊர், குடும்பம் எல்லாம் தேடித் தேடிப் பதிந்து வைத்த பதிப்பாசிரியர் எழுதிய சரித்திரத்திலேயே அவன் வெறும் பரதேசி. மகாவித்வானுக்குப் பெயர் இருந்தது, ஆனால் சுதந்திரம் இல்லை. பரதேசிக்குச் சுதந்திரம் இருந்தது, பெயர் இல்லை. இரண்டும் சேர்ந்து கிடைக்க வழி இல்லை என்பதுதான் அந்தச் சமூகத்தின் விதி. அந்தச் சமூகத்தின் மட்டுமா?

5

இருபதாம் நூற்றாண்டில் கம்பனை மேடையிலிருந்து இறக்க ஓர் இயக்கமே புறப்பட்டது. 1943இல் அண்ணா, ரா.பி. சேதுப்பிள்ளையோடும் சோமசுந்தர பாரதியாரோடும் நடத்திய வாதங்கள் ‘தீ பரவட்டும்’ என்று அறியப்பட்டவை. கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்தலாமா என்பதே கேள்வி. திருச்சியைத் தன் ஊராக்கிக்கொண்டு 1979இல் திருச்சியிலேயே இறந்த எம்.ஆர். ராதா, இராமாயணத்தையே தலைகீழாக்கி நாடகம் போட்டார். அதை அடக்கவே சென்னை மாகாண அரசு 1954இல் தனியாக நாடகச் சட்டம் கொண்டுவந்தது. வசனப் பிரதியை முன்கூட்டியே கேட்க, தடுக்க அதிகாரிகளுக்கு அதிகாரம். இராமகதையை வைத்து மேடையேறியவன்தான் மறுபடி வாசலில் நிறுத்தப்பட்டான். கம்பனைத் தடுத்தவர்கள் அரங்கத்து வைணவர்கள், ராதாவைத் தடுத்தது காவல்துறை. கேள்வி ஒன்றுதான்: இராமனை இப்படிச் சொல்ல நீ யார்?

சங்கடமான உண்மையையும் சொல்லிவிட வேண்டும். 1967க்குப் பிறகு ஆட்சிக்கு வந்தவர்கள் இந்தச் சட்டத்தைத் தூக்கி எறியவில்லை. கொளுத்தலாமா என்று கேட்டவர்கள் கைக்கு வந்தபிறகும் பிரதியைக் காவல் நிலையத்தில் காட்டுகிற ஏற்பாடு தொடர்ந்தது. 1960களின் இறுதியில் ‘காலம் காலமாக’, பிறகு ‘நாற்காலிக்காரர்’ என்று ந. முத்துசாமி எழுதியபோது, தமிழுக்கு அபத்த நாடகம் எதற்கு, இது மேற்கத்திய இரவல் என்று இடதுசாரிகளும் தமிழ்ப் பற்றாளர்களும் சேர்ந்தே சொன்னார்கள். 1978இல் மேடைக்கு வந்த பரீக்‌ஷா குழுவின் ஞாநி, இந்தச் சட்டத்தை நீதிமன்றத்துக்கு இழுத்தார். 2013இல்தான் சென்னை உயர்நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்றது. சட்டம் பிறந்த அதே 1954இல் பிறந்தவர் ஞாநி. சட்டம் விழும்போது அவருக்கு வயது ஐம்பத்தொன்பது. நாடகம் போட அனுமதி கேட்க வேண்டியதில்லை என்று ஒரு நாடகக்காரன் நிரூபிக்க ஒரு ஆயுள் ஆகியிருக்கிறது. 2018இல் ஞாநியும் முத்துசாமியும் ஒரே ஆண்டில் இறந்தார்கள். இவ்வளவையும் பார்த்தபிறகும், அபத்தம் இரவல் சரக்கு என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

6

‘ஆசிரியன் இறந்துவிட்டான்’ என்று ரோலண் பார்த் எழுதியது 1967இல். தமிழ்ச் சிறுபத்திரிகைகளில் நாம் அதைக் கொண்டாடினோம், சண்டை போட்டோம். ஆசிரியன் போனால் வாசகன் விடுதலை பெறுவான் என்று நம்பினோம். 1969இல் ஃபூக்கோ அதற்கு ஒரு திருகு கொடுத்தார்: நூலுக்கு ஆசிரியன் பெயர் தேவைப்பட்டதற்கு ஒரு காரணம், தண்டிப்பதற்கு ஆள் வேண்டும் என்பது. இந்த இரண்டையும் நாமக்கல் மாவட்டம் 2015 ஜனவரியில் நமக்குச் செய்து காட்டியது. ‘மாதொருபாகன்’ நாவலுக்காக மாவட்ட நிர்வாகம் கூட்டிய அமைதிப் பேச்சில் பெருமாள்முருகன் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. தன்னுள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். 2016 ஜூலையில் உயர்நீதிமன்றம் அந்த எழுத்தாளன் உயிர்த்தெழட்டும் என்கிற பொருளில் தீர்ப்பை முடித்தது. துளசியால் மூடி, விண்ணப்பித்து, திருப்பி வாங்கிய அதே சடங்கு. திரும்பி வந்தது மகிழ்ச்சிதான். ஆனால் எழுத்தாளன் உயிரோடிருக்கலாமா என்பதை முடிவு செய்ய ஒரு மண்டபம் தேவைப்பட்டது என்பதை மறந்துவிடக் கூடாது.

ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்கு எதிரே பெரியார் சிலை இருக்கிறது. 2006 டிசம்பரில் திறப்பதற்கு முன்பே அதன் தலையை உடைத்தார்கள். பிறகு சிலை எழுந்தது. அரங்கத்து வாசலில் யார் நிற்கலாம் என்பதற்கான சண்டை பாணர் காலத்திலிருந்து இன்றுவரை முடியவில்லை.

இன்னொரு கிழக் கவிஞரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். இன்குலாப். முதுகிழவியாக டி.கே. சண்முகம் நடித்து, கே.பி. சுந்தராம்பாள் பாடி, நம் மனசில் கோல் ஊன்றி நின்றுவிட்ட ஔவையை எடுத்து, பாணர் மரபில் வந்த இளம் பெண்ணாக, குடித்து ஆடிப் பாடுகிறவளாக ‘ஔவை’ நாடகத்தில் நிறுத்தியவர் அவர். 1990களில் அ. மங்கை அதை மேடையேற்றினார். கவிஞன் என்றாலே மூப்பும் பணிவும் நீதிபோதனையும் என்று பழக்கப்படுத்தியிருந்த மேடைக்கு அது ஒரு அடி. 2016 டிசம்பர் 1ஆம் தேதி இன்குலாப் இறந்தார். 2017ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது. குடும்பத்தார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். செத்தபிறகு துளசி போட வந்த மண்டபத்துக்கு, செத்தபிறகும் வர மறுத்த கவிஞர்.

இதைச் சொல்வதால், பரிசு வாங்கியவர்களெல்லாம் ஸ்பூனர்கள் என்று நான் சொல்லவில்லை. பசி என்று ஒன்று இருக்கிறது. மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்குக் கடன் இருந்தது. கம்பனுக்கும் சடையப்பன் வேண்டியிருந்தது. நமக்கும் பத்திரிகை நடத்தப் பணம், நூல் வரப் பதிப்பகம், பேச மேடை எல்லாம் வேண்டியிருக்கின்றன. சிறுபத்திரிகைக்காரர்களான நாமே எத்தனை பேரை வாசலில் நிறுத்தி, அவரிடம் கேட்டு வா, இவரிடம் காட்டி வா என்று அனுப்பியிருக்கிறோம்? ஒரு தலித் இளைஞன் கொண்டுவந்த கவிதையை, முதலில் இன்னின்னாரைப் படித்துவிட்டு வா என்று நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். நம் சடகோபனைப் பாடினாயா என்று கேட்டது பெருமாள் மட்டுமில்லை. அந்தப் பையன் திரும்ப வரவில்லை. அவன் எழுதினானா என்பதுகூட எனக்குத் தெரியாது.

அன்று மண்டபத்தில் பெரியவர் எழுந்துகொள்ளும்போது கேட்டார்: “அந்தப் புஸ்தகத்துல கடைசில அவன உள்ள சேத்துக்கறாளா?” இல்லை என்றேன். “வெளில அனுப்பிடறாளா?” அதுவும் இல்லை என்றேன். “பின்ன?” “அங்கேயே நின்னுண்டிருக்கான்.” அவர் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு தாயார் சந்நிதிப் பக்கம் நடந்தார். நான் வெளியே வந்து, பாலம் தாண்டி, பரதேசி பிச்சையெடுத்த தெருக்கள் இருக்கும் மலைக்கோட்டைப் பக்கம் பஸ் ஏறினேன்.